உப்பின் வழியே – 17: பொன்னின் கூட்டாளிகள்

சென்ற இதழை எயிற்பட்டினத்துத் துறையில் நிறுத்தியிருந்தோம். சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் அந்தப் பட்டினம்தான் இன்றைய மரக்காணம், 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் சோபட்மாவும் இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ரோமாபுரிப் பொற்காசுகள் இந்தக் கரைக்கு வந்து குவிந்ததைப் பார்த்தோம். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி புலம்பியதையும் பார்த்தோம். கப்பலில் வந்த பொன் கழுத்துக்கும் காதுக்கும் கோயில் கருவூலத்துக்கும் போன கதை எல்லோருக்கும் தெரியும். அது மருந்தாகி உடம்புக்குள் போன கதை இந்த இதழில்.

உப்பைப் பற்றிய தொடரில் பொன்னுக்கும் புற்றுநோய்க்கும் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. பொன்னை மருத்துவர் கைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே உப்புதான்.

பாத்திக்குள் பொன்

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம் விரிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே கழுவெளி, 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த உவர்நீர்ப் பரப்பு. மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏறப் பாத்தி நீர் சுண்டிக்கொண்டே வரும். முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம், அதற்கப்புறம்தான் உப்பு. உப்பை வாரி அம்பாரம் போட்ட பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரில் மக்னீசியமும் புரோமினும் தங்கியிருக்கும்.

கடல் நீரில் பொன்னும் உண்டு. அட்லாண்டிக், வட பசிபிக் கடல்களில் அளந்தவர்கள் சொல்லும் கணக்கு, பத்துக் கோடி டன் நீருக்கு ஏறக்குறைய 1 கிராம். இந்தக் கணக்கு சரியாகத் தெரியாத காலத்தில் ஒரு மேதை ஏமாந்தார். காற்றிலிருந்து அம்மோனியா எடுக்கும் வழியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ஃபிரிட்ஸ் ஹேபர், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் நஷ்டஈட்டுக் கடனைக் கடல் பொன்னை எடுத்தே அடைத்துவிடலாம் என்று நம்பினார். 1920-களில் கப்பலிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக் கடல் கடலாகச் சுற்றினார். முன்பு மற்றவர்கள் அளந்து சொன்னதில் மிகச் சிறு பங்குகூடத் தேறவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்.

நமக்கு வேண்டிய செய்தி அந்தப் பொன்னின் அளவில் இல்லை, அது இருக்கும் நிலையில் இருக்கிறது. கடலில் அது உலோகத் தூளாக மிதப்பதில்லை. குளோரின், ஹைட்ராக்சில் போன்ற துணைகளோடு சேர்ந்து கரைந்து நிற்கிறது. தனிப்பொன் துருப்பிடிக்காது, கறுக்காது, வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் வெளியே வந்துவிடும். அதை வேலை செய்ய வைக்க ஒரு துணை வேண்டும். பொன் மருத்துவத்தின் வரலாறு முழுக்க இந்தத் துணைதேடல்தான்.

உப்பு முதலில் சுத்தம் செய்தது

துருக்கியில் சார்டிஸ் என்று ஒரு பழைய நகரம். லிடியா நாட்டின் தலைநகர். 1960-களில் அங்கே தோண்டியவர்கள் கி.மு. 6-ம் நூற்றாண்டைச் சேர்ந்த பொன் சுத்திகரிப்புப் பட்டறை ஒன்றைக் கண்டார்கள். ஆற்றுப்பொன்னில் எப்போதும் வெள்ளி கலந்திருக்கும். அதைப் பிரிக்க லிடியர்கள் செய்தது இதுதான்: கலப்புப் பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, மண்கலத்தில் தகட்டுக்குத் தகடு உப்பு பரப்பி, கலத்தை மூடி, பொன் உருகாத அளவுக்கு நெருப்பை அடக்கி நெடுநேரம் சுடுவது. சூட்டில் உப்பிலிருந்து கிளம்பும் ஆவி வெள்ளியைப் பிடித்து வெள்ளிக் குளோரைடாக மாற்றும். அது கலத்தின் சுவரில் ஊறிவிடும். தகட்டில் பொன் மட்டும் நிற்கும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி இதே வேலையை மருந்துக் குறிப்பாக எழுதுகிறார். பொன்னின் எடையைப் போல இரு மடங்கு உப்பு சேர்த்து மண்கலத்தில் சுட வேண்டும். பொன் தன் நஞ்சையெல்லாம் சேர்மானத்துக்குக் கொடுத்துவிட்டுத் தூய்மையாக மிஞ்சும். அடியில் தங்கும் சாம்பலை நீரில் குழைத்து முகத்துப் படைக்குப் பூசலாம். இங்கே மருந்தாவது பொன்னில்லை, பொன்னோடு வெந்த உப்பு.

நம் சித்த மருத்துவத்தில் உலோகம் 11, பாடாணம் 64, உபரசம் 120, காரசாரம் 25 என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். பொன் முதல் பட்டியலில் இருக்கிறது. கறியுப்பு, கல்லுப்பு, வெடியுப்பு, நவச்சாரம் எல்லாம் காரசாரத்தில் வரும். தங்க பற்பம் செய்யும்போது பொன்னைச் சுத்தி செய்து, கல்வத்தில் மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் வைத்து மேலகல் மூடி, சீலைமண் பூசி, எருவாட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். பிறகு எடுத்து மறுபடி அரைப்பு, மறுபடி புடம். இந்தப் பற்பத்துக்குள் பொன் எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பிறகு வருவோம்.

உப்பு பொன்னைக் கரைத்தது

வெடியுப்பிலிருந்து வடிக்கும் திராவகம் வெள்ளியைக் கரைக்கும், பொன்னைத் தொடாது. அதே திராவகத்தில் நவச்சாரமோ உப்போ சேர்த்தால் பொன்னும் கரைந்துவிடும். 1300 வாக்கில் ஐரோப்பிய ரசவாதிகள் இதைத் தெரிந்துகொண்டார்கள். உலோகங்களின் அரசனையே கரைப்பதால் ராஜ திராவகம் என்று பெயர் வந்தது. உள்ளே நடப்பது கூட்டு வேலை. வெடியுப்புத் திராவகம், அதாவது நைட்ரிக் அமிலம், பொன்னின் மேற்பரப்பிலிருந்து ஓர் அணுவைப் பெயர்க்கிறது. பெயர்ந்தது திரும்பப் போய் ஒட்டிக்கொள்வதற்குள் நான்கு குளோரைடுகள் அதைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. தனித்தனியாக நைட்ரிக் அமிலமும் குளோரைடும் தோற்கும் இடத்தில் சேர்ந்தால் வெற்றி.

கரைந்த பொன் கிடைத்ததும் அதைக் குடிக்கக் கொடுக்க ஆள் வந்தார்கள். 1810-களின் தொடக்கத்தில் பிரான்சின் மோன்பெல்லியே நகரத்து மருத்துவர் கிரெஸ்தியன், பொன்னும் சோடியமும் சேர்ந்த குளோரைடை மேகநோய்க்கு மருந்தாகப் பரிந்துரைத்தார். நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் லெஸ்லி கீலி 'பொன் குளோரைடு' என்று விளம்பரம் செய்து குடிப்பழக்கத்துக்கு மருந்து விற்றுப் பெரும்பணம் சேர்த்தார். பகுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் புட்டியில் பொன் அகப்படவில்லை. பொன் என்ற பெயரே பாதி வைத்தியம் பார்த்துவிடும் என்று கீலிக்குத் தெரிந்திருந்தது.

காசநோய் வார்டில்

1890-ல் பெர்லினில் நடந்த உலக மருத்துவ மாநாட்டில், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் ஒரு செய்தி சொன்னார். பொன் சயனைடை இருபது லட்சத்தில் ஒரு பங்காக நீர்க்கவைத்தாலும் அந்தக் கிருமி வளர மறுக்கிறது. கோலார் தங்க வயலின் கழிவு மேடுகளைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை புதிதில்லை. வடாற்காட்டிலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் போன நம்மவர்கள் வெட்டிய பாறையிலிருந்து பொன்னைக் கரைத்தெடுத்தது இதே சயனைடுதான். சோதனைக் குழாயில் கிருமியை அடக்கிய பொன் சயனைடு, நோய்வாய்ப்பட்ட விலங்கின் உடம்பில் ஒன்றும் செய்யவில்லை. குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இது குறுக்கே வரும்.

ஆனாலும் கோக் என்ற பெயரின் பலத்தில் பொன் பிழைத்துக்கொண்டது. 1924-ல் டென்மார்க்கின் மோல்கார்ட் பொன்னோடு கந்தகம் சேர்ந்த தயோசல்ஃபேட் உப்பை 'சனோகிரைசின்' என்ற பெயரில் ஊசியாகக் கொண்டுவந்தார். ஐரோப்பாவின் சானடோரியங்களில் அது பரவியது. டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் 1928-ல் சானடோரியத்தைத் திறந்தபோது காசநோய் மருத்துவத்தில் ஓய்வு, காற்று, சத்துணவோடு பொன் ஊசியும் வழக்கத்தில் இருந்தது.

அந்த ஊசியை உரசிப் பார்த்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றிய பேர்ன்ஸ் ஆம்பர்சன். நோயாளிகளில் ஒருவருக்கு ஒருவர் ஈடாக 12 பேர் கொண்ட இரண்டு குழு பிரித்தார். எந்தக் குழுவுக்குப் பொன் என்று முடிவுசெய்யக் காசைச் சுண்டினார். மற்றக் குழுவுக்கு வாலைநீர் ஊசி. தனக்குப் போடுவது எது என்று நோயாளிக்குத் தெரியாது. 1931-ல் வந்த முடிவு: பொன்னால் பலன் இல்லை, தீங்கு உண்டு. மருத்துவ ஆராய்ச்சியில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதிக்கும் முறைக்கு முன்னோடியாக இன்றும் இதைக் காட்டுகிறார்கள். 1940-களில் ஸ்டிரெப்டோமைசின் வந்ததும் காசநோய் வார்டிலிருந்து பொன் விடைபெற்றது.

அதற்குள் அதற்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. முடக்குவாதமும் காசநோயோடு தொடர்புள்ளதாக இருக்கலாம் என்ற தவறான எண்ணத்தில் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் ஃபாரெஸ்டியே மூட்டுவீக்க நோயாளிகளுக்குப் பொன் ஊசி போட்டார். வலி குறைந்தது. 1929-ல் அதை வெளியிட்டார். காரணம் தப்பு, பலன் சரி. அடுத்த அரை நூற்றாண்டு பொன் ஊசி முடக்குவாத மருந்தாக நிலைத்தது. தோல் தடிப்பும் சிறுநீரில் புரதம் போவதும் கூடவே வந்தன.

ஊசிக்குப் பதில் விழுங்கும் மருந்து தேடியதில் பிறந்தது ஆரனோஃபின். 1985-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் நடுவில் ஒரு பொன் அணு. ஒரு பக்கம் சர்க்கரையோடு கூடிய கந்தகம், மறு பக்கம் பாஸ்பீன், அதாவது பாஸ்பரஸ் தாங்கிய ஒரு கூட்டு. உப்பின் குளோரைடு இந்தக் கட்டத்தில் மேடையை விட்டு இறங்குகிறது. பொன்னுக்குக் குளோரைடைவிடக் கந்தகத்தின் மேல் ஆசை அதிகம், செலினியத்தின் மேல் அதைவிட அதிகம். புற்றுநோய்க் கதைக்குச் சாவி இந்த ஆசைதான்.

முதலில் வந்தது பிளாட்டினம்

ஆம்பர்சன் காசு சுண்டிய அதே மிச்சிகனில், 1965-ல் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாக்கள் நீந்தும் திரவத்தில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். கிருமிகள் பிரியாமல் நூலாக நீண்டன. மின்சாரம் காரணமில்லை. மின்முனையின் பிளாட்டினம் திரவத்தில் இருந்த அம்மோனியாவோடும் குளோரைடோடும் சேர்ந்து உருவாக்கிய புதுச் சேர்மமே காரணம். அதுதான் சிஸ்பிளாட்டின். 1978-ல் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. இன்று மரக்காணத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் தெற்கே புதுச்சேரி ஜிப்மர், வடக்கே 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. எங்கே போனாலும் இந்த மருந்தின் பெயர் காதில் விழ வாய்ப்புண்டு.

சிஸ்பிளாட்டினை உப்பு நீரில், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த சலைனில், கலந்தே ஏற்றுவார்கள். ரத்தத்திலும் குளோரைடு நிறைய இருப்பதால் மருந்தின் இரண்டு குளோரைடுகள் அதைவிட்டுப் போவதில்லை. செல்லுக்குள் குளோரைடு அதைவிடப் பல மடங்கு குறைவு. உள்ளே போனதும் குளோரைடுகள் கழன்றுகொள்கின்றன. காலியான கையால் பிளாட்டினம் டிஎன்ஏ-வைப் பிடிக்கிறது. செல் பிரிய முடியாமல் மடிகிறது.

பிளாட்டினத்துக்கு அடுத்த கட்டத்தில் இருப்பது பொன். மூன்று எலெக்ட்ரான் இழந்த பொன் அச்சாகச் சிஸ்பிளாட்டினின் பிளாட்டினத்தைப் போலவே நான்கு மூலைச் சதுரமாக நிற்கும். அப்படியென்றால் அதுவும் டிஎன்ஏ-வைப் பிடிக்குமே என்று வேதியியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கு பலிக்கவில்லை. உடம்பிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அந்தப் பொன்னைச் சீக்கிரமே வேறு நிலைக்கு இறக்கிவிடுகின்றன. அதைக் காப்பாற்ற 2003-ல் ஹாங்காங்கில் சீ-மிங் சே குழு பொன்னைப் போர்ஃபிரின் வளையத்துக்குள் பூட்டிப் பார்த்தது.

எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது மூட்டுவாத மருந்து. 1979-ல் ஆய்வுக்கூடத்தில் வளரும் ஹீலா புற்றுச் செல்களின் பெருக்கத்தை ஆரனோஃபின் தடுப்பதைக் கண்டார்கள். டிஎன்ஏ இலக்காக இல்லை என்றால் எது?

செல்லுக்குள் என்ன நடக்கிறது

மூச்சுவிடும் எந்தச் செல்லிலும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் கழிவுகள் இடைவிடாமல் உண்டாகும். அவற்றை வடிப்பதற்குத் தயோரெடாக்சின் என்ற சிறு புரதம் இருக்கிறது. வேலை செய்து களைத்த தயோரெடாக்சினுக்கு மறுபடி எலெக்ட்ரான் கொடுத்து எழுப்புவது தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்ற நொதி. 1996-ல் அமெரிக்காவின் தாமுராவும் ஸ்டாட்மனும் இந்த நொதியில் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். புரதச் சங்கிலியின் வாலில், கடைசிக்கு முந்தைய இடத்தில், கந்தகம் இருக்க வேண்டிய அமினோ அமிலத்தில் செலினியம் உட்கார்ந்திருக்கிறது. வால் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எலெக்ட்ரானைக் கைமாற்றுவதே அந்தச் செலினியம்தான்.

பொன்னுக்குச் செலினியம் என்றால் எவ்வளவு ஆசை என்று பார்த்தோம். ஆரனோஃபின் செல்லுக்குள் நுழைகிறது. சர்க்கரைப் பக்கத்துக் கந்தகம் முதலில் கழல்கிறது. பாஸ்பீனைச் சுமந்த பொன் அந்த வாலைக் கண்டதும் செலினியத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் விடுவது அரிது. 1998-ல் ஜெர்மனியில் க்ரோமரும் உடனிருந்தவர்களும் மனித நஞ்சுக்கொடியிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, லிட்டருக்குச் சில நானோமோல் ஆரனோஃபினே அதை முடக்கப் போதுமானதாக இருந்தது.

நொதி முடங்கினால் தயோரெடாக்சின் எழுவதில்லை, பெராக்சைடு வடிவதில்லை. புதிய டிஎன்ஏ கட்டத் தேவையான செங்கற்களைத் தயாரிக்கும் இன்னொரு நொதிக்கும் தயோரெடாக்சின்தான் எலெக்ட்ரான் தருகிறது, அதுவும் தடுமாறுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு கசிகிறது. அதிலிருந்து வெளிவரும் சைட்டோகுரோம் சி செல்லின் தற்கொலை ஏற்பாட்டை முடுக்குகிறது. செல் தன்னைத்தானே துண்டுதுண்டாக அறுத்துக்கொண்டு அடங்குகிறது.

நல்ல செல்லிலும் இதே நொதி இருக்கிறதே, அது மட்டும் ஏன் தப்பும்? உப்பளத்தில் மடையை அடைத்தால் வரப்பு தளும்ப நீர் நிற்கும் பாத்திதான் முதலில் உடைப்பெடுக்கும், பாதி நிறைந்த பாத்தி தாங்கும். கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுச் செல் ஏற்கெனவே ஆக்சிஜன் கழிவு தளும்பத் தளும்ப வாழ்கிறது. அதைச் சமாளிக்கவே பல புற்றுகளில் இந்த நொதி கூடுதலாக உற்பத்தியாகிறது. மடை அடைபட்டால் அதற்கு இடம் மிச்சமில்லை. நல்ல செல்லுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. இருந்தாலும் இந்த வித்தியாசம் அளவில்தான், வகையில் இல்லை. மருந்து கூடினால் நல்ல செல்லும் சாகும்.

வழியில் நிற்கும் தடைகள்

இவ்வளவு அருமையான மருந்து ஏன் இன்னும் புற்றுநோய் வார்டுக்கு வரவில்லை? கோக் சந்தித்த அதே பள்ளம். ரத்தத்தில் மிகுந்திருக்கும் ஆல்புமின் புரதத்தின் 34-வது இடத்தில் ஒரு கந்தகம் கை நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வரும் பொன்னில் பெரும்பங்கை அது பிடித்துக்கொள்ளும். 1980-களில் எலிகளில் சோதித்தபோது, வயிற்றறைக்குள் இருக்கும் ரத்தப்புற்றுக்கு அந்த அறைக்குள்ளேயே நேராக ஊசி போட்டால்தான் ஆரனோஃபின் வேலை செய்தது.

இன்னொரு தடை குளூட்டாதயோன். தயோரெடாக்சின் வழி அடைபட்டாலும் செல்லுக்கு இந்த மாற்று வழி உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்து அடைக்கும் கூட்டு மருந்துகளைத் தேடுகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. முகேஷ் தலைமையிலான குழு, செலினிய நொதிகளோடு பொன் எப்படிச் சேர்கிறது, கந்தகச் சேர்மங்கள் குறுக்கே வந்தால் என்ன ஆகிறது என்பதை ஆராய்ந்து எழுதியிருக்கிறது. உடம்புக்குள் பொன் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஒரு கந்தகத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே போகும். எங்கே நிற்கவைப்பது என்பதே மருந்துக்காரரின் பிரச்சினை.

ரத்தப்புற்று, சினைப்பைப் புற்று, நுரையீரல் புற்று நோயாளிகளிடம் ஆரனோஃபினைச் சோதிக்கும் சிறு ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. புற்றுநோய் மருந்தாக அதற்கு அனுமதி இதுவரை இல்லை.

இப்போது தங்க பற்பத்துக்கு வருவோம். பொன் புற்றைக் கொல்கிறது என்ற செய்தி வந்ததும், நம் சித்தர்கள் அன்றே சொன்னது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆயுர்வேதத்தின் சுவர்ண பஸ்பத்தை நவீனக் கருவிகளில் வைத்துப் பார்த்தவர்கள், அதிலிருப்பது பெரும்பாலும் உலோகப் பொன்னின் மிக நுண்ணிய துகள்களே என்று கண்டார்கள். ஆரனோஃபினில் இருப்பதோ எலெக்ட்ரானை இழந்து, கந்தகத்தோடும் பாஸ்பரஸோடும் கட்டுண்ட பொன். பெயர் ஒன்று, வேதியியல் இரண்டு. ஒன்றின் நற்பெயரை இன்னொன்றுக்கு மாற்றி எழுத முடியாது. பற்பத்துக்குத் தனியே சோதனை வேண்டும். அதற்கு இடமும் இருக்கிறது: 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதே தாம்பரம் சானடோரியத்தில்தான். ஆம்பர்சனின் காசு அங்கேயும் சுண்டப்படலாம். அதுவரை, மருத்துவமனை சொன்ன சிகிச்சையை நிறுத்திவிட்டுப் பற்பத்தை நம்பிப் போவது உயிரோடு விளையாடுவது.

இருநூறு ஆண்டுக் கதையில் உலோகம் மாறவில்லை. குளோரைடோடு மேகநோய்க்குப் போனது, சயனைடோடு காசநோய்க் கிருமியின் மேல் போனது, கந்தகத்தோடு மூட்டுக்குப் போனது, பாஸ்பீனோடு புற்றுச் செல்லுக்குள் போனது. ஒவ்வொரு முறையும் கூட்டாளிதான் அதற்கு வழியைக் காட்டியது. இப்போது ஆய்வுக்கூடங்களில் கார்பீன் என்ற கார்பன் கூட்டாளிகளைப் பொன்னோடு கட்டிப் பார்க்கிறார்கள். ஆல்புமினிடம் பிடிபடாமல் செலினியம்வரை போகும் கூட்டாளி எது என்று தெரிந்துவிட்டால், பொன் உண்மையான புற்றுநோய் மருந்தாகும் வாய்ப்பு கூடும்.

சிஸ்பிளாட்டினைச் சுமந்து வந்த சலைன் புட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1832-ல் ஸ்காட்லாந்தின் லீத் ஊரில், காலராவில் வற்றிப்போன நோயாளிகளின் ரத்தக் குழாயில் தாமஸ் லாட்டா உப்பு நீரை ஏற்றினார். அந்தப் புட்டி அடுத்த இதழில்.

(தொடரும்)